ஆப்பிரிக்கப் புலம்பெயர் இலக்கியம்: முதல் இரண்டு புத்தகங்களை உருப்படியாகப் படிக்க ஒரு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில், லண்டனுக்குப் போன கரீபியக் கறுப்பர்களைப் பற்றிய நாவல் ஒன்றை வைத்து நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். கூட்டம் கலையும் நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, நல்லாப் பேசினீங்க. ஆனா நீங்க சொன்ன அத்தனையும் நம்ம ஊரைப் பத்தின விஷயம். அந்தப் புத்தகத்துக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், பாதிப் பக்கங்களில் என் பென்சில் கோடே இல்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தப்பான பதிப்பு, தப்பான வரிசை, வீண் செலவு என்று ஒரு வருடம் ஓடிப்போனது. நீங்கள் எட்டு வாரத்தில் முடிக்கலாம். தமிழ் வழியில் படித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இலக்கியப் பட்டம் தேவையில்லை.

1. ஒரே ஒரு தடத்தைப் பிடியுங்கள்

ஆப்பிரிக்கப் புலம்பெயர் இலக்கியம், அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதியது, என்ற பெயர்ப்பலகை ஒன்றுதான், உள்ளே பல கடைகள். அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் எழுதிய தன்வரலாறுகள் ஒரு பக்கம். கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டன் போனவர்களின் நாவல்கள் இன்னொரு பக்கம். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பிரெஞ்சு எழுத்து தனி. நைஜீரியாவிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் போன இன்றைய தலைமுறையின் கதைகள் முற்றிலும் வேறு. நான் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக ஒன்பது புத்தகம் வாங்கினேன். ஆறு இன்னும் அலமாரியில் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன.

தொடங்க இரண்டு போதும். ஒன்று, அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845ல் பாஸ்டனில் வெளியிட்ட தன்வரலாறு. மற்றொன்று, கரீபியத் தீவான டிரினிடாடைச் சேர்ந்த சாம் செல்வன் 1956ல் எழுதிய 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவல். இரண்டுமே மெல்லிய புத்தகங்கள். முதலாவது சாட்சியம், இரண்டாவது கற்பனை. அதனால் இரண்டு விதமாகப் படிக்கப் பழகலாம்.

'புலம்பெயர்' என்ற சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நமக்கு அந்தச் சொல்லோடு ஈழத்து எழுத்தும், ஏஜென்டும், அகதி விண்ணப்பமும் ஒட்டிக்கொண்டு வரும். டக்ளஸின் முன்னோர் பெயர்ந்து போனவர்கள் அல்லர், சரக்காக ஏற்றப்பட்டவர்கள். செல்வனின் ஆட்களோ கப்பல் டிக்கெட் எடுத்து, 1948 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் பிரிட்டிஷ் குடிமக்களாகவே லண்டனில் இறங்கியவர்கள். விசா கேட்க ஆள் இல்லை. அவர்கள் மாட்டிக்கொண்டது வாடகை அறையிலும் வேலை அலுவலகத்திலும். இந்த வித்தியாசம் தெரியாமல் உள்ளே போனால் நாவலில் இல்லாத எல்லைக்காவலரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. உள்ளே என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்

இதில்தான் நான் முதல் அடி வாங்கினேன். டக்ளஸின் புத்தகத்தை ஆன்லைனில் 120 ரூபாய்க்கு வாங்கினேன். எழுத்து எறும்பு சைஸ் என்பதுகூடப் பரவாயில்லை. முன்னுரையும் கடிதமும் பின்னிணைப்பும் அதில் இல்லவே இல்லை. முதல் அத்தியாயத்தில் ஆரம்பித்துப் பதினொன்றாவதில் முடிந்துவிட்டது. அப்படித்தான் புத்தகமே போலிருக்கிறது என்று படித்து முடித்தேன்.

உங்கள் கையில் உள்ள பிரதியில் இவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். தலைப்பில் 'அவராலேயே எழுதப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வில்லியம் லாயிட் கேரிசன் எழுதிய முன்னுரை. அதே இயக்கத்தின் வெண்டல் பிலிப்ஸ் எழுதிய கடிதம். கடைசியில் டக்ளஸே எழுதிய பின்னிணைப்பு. ஒன்று குறைந்தாலும் வேறு பிரதி தேடுங்கள்.

நம் பழைய நூல்களில் சாற்றுகவி உண்டு, இன்று அணிந்துரை உண்டு. அதுமாதிரி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கெசட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கக் காத்து நின்ற அனுபவம் இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கறுப்பர் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார் என்பதற்கு இரண்டு வெள்ளையர்கள் சான்றொப்பம் தர வேண்டியிருந்தது. வேறு யாரையும் வைத்து எழுதாமல் டக்ளஸ் தன் நடையில் தானே எழுதினார் என்று கேரிசன் முன்னுரையில் தனியாகச் சொல்கிறார். அதை ஏன் சொல்லவேண்டி வந்தது, யார் சந்தேகப்பட்டார்கள் என்று கேளுங்கள்.

இதே கேள்வியோடு இன்னும் இரண்டு புத்தகங்களைப் பார்க்கலாம். ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861ல் 'லிண்டா பிரெண்ட்' என்ற புனைபெயரில் தன் கதையை எழுதினார். முகப்பில் இருந்தது பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டின் பெயர்தான். அதனால் நெடுங்காலம் அதைக் கற்பனை நாவல் என்றே பலர் ஒதுக்கி வைத்தார்கள். 1980களில்தான் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைக் கொண்டு அது ஜேக்கப்ஸின் சொந்தக் கதை என்று நிறுவினார்.

1789ல் லண்டனில் வெளியான ஒலாடா எக்வியானோவின் தன்வரலாற்றில் சிக்கல் வேறு மாதிரி. ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவனாகக் கடத்தப்பட்டதாக அவர் எழுதுகிறார். 1759ன் ஞானஸ்நானப் பதிவேடும் 1773ன் கப்பல் ஆள்பட்டியலும் அவர் பிறந்த இடத்தை அமெரிக்காவின் கரோலினா என்று காட்டுகின்றன. அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 'பதிவேட்டில் இருக்கிறதே, அப்போ அவர் சொன்னது பொய்' என்று முடிவுகட்டும் முன், பதிவேட்டை எழுதியவர் யார், அந்த இடத்தில் அப்படிச் சொல்வதால் யாருக்கு என்ன வசதி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதியோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

3. செலவு: இலவசமாக எது, காசுக்கு எது

டக்ளஸ், ஜேக்கப்ஸ், எக்வியானோ மூவருக்கும் ஒரு பைசா செலவில்லை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் மூன்றுமே கிடைக்கின்றன. வட கரோலினா பல்கலைக்கழகம் 'டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்' என்ற பெயரில் அடிமைத் தன்வரலாறுகளின் பெரிய தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. நான் பரிந்துரைப்பது அதைத்தான். மூலப் பதிப்பின் முகப்பு, முன்னுரை, கடிதம் எல்லாம் அப்படியே இருக்கும்.

'ஸ்லேவ் வாயேஜஸ்' தரவுத்தளமும் இலவசம். 36,000க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்களைத் தேதி, துறைமுகம், ஏற்றியவர் எண்ணிக்கை, இறங்கியவர் எண்ணிக்கை என்று தேடலாம். ஏற்றப்பட்டவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர், உயிரோடு இறங்கியவர்கள் சுமார் ஒரு கோடியே ஏழு லட்சம் என்பது அங்குள்ள மதிப்பீடு. ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்குங்கள். நான் மூன்று இரவுகள் அதிலேயே கிடந்தேன், புத்தகம் ஒரு பக்கம் நகரவில்லை.

செல்வனின் நாவல் பதிப்புரிமையில் உள்ளது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நான் வாங்கியபோது பேப்பர்பேக் 500 ரூபாய்க்குள் வந்தது. பல்கலைக்கழக நூலகங்களில் காமன்வெல்த் இலக்கிய அடுக்கில் இருக்க வாய்ப்புண்டு, முதலில் அங்கே கேளுங்கள். விமர்சன நூல்களை இப்போதே வாங்காதீர்கள். என் 2,000 ரூபாய் அதில்தான் போனது. மூலத்தைப் படிக்கும் முன் கோட்பாட்டைப் படித்தால், கோட்பாட்டுக்கு உதாரணம் தேடுகிற ஆளாகிவிடுவோம்.

4. செல்வனைக் காதால் படியுங்கள்

முதல் பக்கத்திலேயே 'இதென்ன இலக்கணப் பிழை?' என்று தோன்றும். பிழையே இல்லை. கதைசொல்லியே டிரினிடாட் பேச்சை ஒட்டிய ஆங்கிலத்தில் பேசுகிறார். செல்வன் முதலில் இந்நாவலைப் பாடப்புத்தக ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார், நகரவில்லை. கதைசொல்லியின் குரலையும் அந்தப் பேச்சுமொழிக்கு மாற்றிய பிறகுதான் எழுத்து ஓடியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். உரையாடல் வட்டார வழக்கில், விவரிப்பு மட்டும் 'நல்ல தமிழில்' என்று எழுதப்பட்ட எத்தனை கதைகளை நாம் படித்திருக்கிறோம்! அங்கே எழுத்தாளர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். இங்கே அவரும் தெருவில்தான் நிற்கிறார்.

தினமும் இருபது நிமிடம் வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. நான்காவது நாள் தாளம் பிடிபட்டுவிடும். நடுவில் லண்டன் கோடைகாலத்தைப் பற்றி, நிறுத்தற்குறியே இல்லாமல் பல பக்கங்கள் ஓடும் ஒரு பகுதி வரும். அதை ஒரே அமர்வில் படியுங்கள், பேருந்தில் வேண்டாம்.

அகராதியில் தேடிப் பயனில்லாத சொற்கள் உண்டு. 'டெஸ்ட்' என்றால் பரீட்சை இல்லை, ஆள். 'லைம்' என்றால் எலுமிச்சை இல்லை, கூடி நின்று வெட்டிக்கதை பேசுவது. 'ஸ்பேட்' என்பது கறுப்பரைக் குறிக்கும் கொச்சைச் சொல், நம் சீட்டுக்கட்டின் இஸ்பேட்டிலிருந்து வந்தது. நாவலில் வரும் கறுப்பு நண்பர்கள் தங்களுக்குள் சொல்லும்போது அதற்கு ஒரு சூடு, வெள்ளையர் சொன்னால் வேறு சூடு. ரிச்சர்ட் ஆல்சப் தொகுத்த கரீபிய ஆங்கில அகராதி (1996) நூலகத்தில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மனதுக்குள் இதைச் சென்னைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். நான் செய்தேன். எல்லாரும் சினிமா காமெடியன்களாகிவிட்டார்கள். நாவலின் நாயகன் மோசஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அறையில் நண்பர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தின் கனம் முழுவதும் காணாமல் போய்விட்டது.

5. "இது நம்ம கதைதானே" என்று தோன்றும்போது பென்சிலை எடுங்கள்

செல்வனின் தந்தை மதராஸிலிருந்து டிரினிடாட் போனவர். 'செல்வன்' என்று காதில் விழுந்ததும், பின்னட்டையில் மதராஸைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஆள்! அந்த நாற்பது நிமிடப் பேச்சு முழுக்க அந்த மயக்கத்தில் பேசியதுதான். ஆனால் தாய்வழியில் அவருக்கு ஸ்காட்லாந்து ரத்தம் உண்டு, வளர்ந்தது சான் பெர்னாண்டோ நகரில், எழுதியது கிரியோலில் (அந்தத் தீவின் கலப்புப் பேச்சுமொழியில்), இந்த நாவலின் மையத்தில் நிற்பவர்கள் கறுப்பர்கள். இந்திய வம்சாவளி எழுத்தாளர் ஒருவர் கறுப்பர்களின் குரலில் எழுதியிருக்கிறார் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வியே. 'நம்ம ஆள்' என்று சொன்ன நிமிடம் அந்தக் கேள்வி மூடிவிடுகிறது.

அதற்காக ஒப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. நோட்டில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'ஒட்டுவது', வலப்பக்கம் 'ஒட்டாதது'. வலப்பக்கம் நிரம்பாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். என் நோட்டிலிருந்து மூன்று இடங்கள்:

டக்ளஸுக்குச் சிறுவயதில் எஜமானி சோஃபியா ஆல்ட் எழுத்து சொல்லித்தருகிறார். கணவர் ஹ்யூ ஆல்ட் தடுத்துவிடுகிறார். உடனே நமக்குப் படிப்பு மறுக்கப்பட்ட சாதிகள் நினைவுக்கு வரும், நியாயம்தான். ஆனால் ஆல்ட் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். படித்த அடிமை கைக்கு அடங்கமாட்டான், எஜமானனுக்குப் பயன்படமாட்டான். தீட்டுப் பேச்சே இல்லை, உடைமைக் கணக்குத்தான். இன்னொன்றையும் டக்ளஸ் முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறார்: குழந்தை தாயின் நிலையைத்தான் அடையும் என்பது சட்டம். வர்ஜீனியாவில் இது 1662லேயே எழுதப்பட்டது. தகப்பன் எஜமானனாகவே இருந்தாலும் பிள்ளை அடிமைதான். தகப்பன் வழியில் சாதி இறங்கிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். அடிமைப் பெண்ணிடம் தான் பெற்ற பிள்ளையையே ஒருவன் விற்க முடிந்தது அந்தத் தலைகீழால்தான். இந்த ஒரு வரியை நான் முதல் வாசிப்பில் கவனிக்கவே இல்லை.

செல்வனில் கேலஹாட் என்ற இளைஞன் வருகிறான். தெருவில் ஒரு குழந்தை அவன் நிறத்தைச் சுட்டிக்காட்டுகிறது. பின்பு அவன் தன் கையைப் பார்த்து, கறுப்பு நிறத்தையே ஒரு ஆளாக வைத்துப் பேசுகிறான். எல்லாத் தொல்லைக்கும் நீதான் காரணம் என்கிறான். நம் ஊரில் ஒருவர் சாதியைத் தெரிந்துகொள்ள ஊர் எது, எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று சுற்றி வளைப்பார்கள். பொய் சொல்லவும் ஒரு சந்து இருக்கும். கேலஹாடுக்கு அந்தச் சந்தும் இல்லை, எதிர்ச்சாரியிலிருந்தே தெரிந்துவிடும். வேலை அலுவலகக் காட்சியையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பதிவு அட்டையின் மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு போடுவார்கள், ஜமைக்காக்காரன், நிறத்தவன் என்று அர்த்தம் என மோசஸ் அவனுக்கு விளக்குகிறான். கேலஹாட் வந்ததோ டிரினிடாடிலிருந்து! அந்த அலுவலகத்துக்கு எல்லாத் தீவும் ஜமைக்காதான்.

டான்ட்டி என்ற வயதான பெண்மணி லண்டன் மளிகைக்கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று கடன் வாங்கும் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். 'இன்று ரொக்கம் நாளை கடன்' பலகைக்குக் கீழேயே நோட்டுப் போட்டு வாங்கிய குடும்பம் எங்களுடையது. வலப்பக்கத்தில் எழுதியது இது: எங்கள் அண்ணாச்சிக்குத் தாத்தா காலத்திலிருந்தே எங்களைத் தெரியும். டான்ட்டிக்கு அந்த நகரத்தில் அவள் வாயைத் தவிர வேறு ஜாமீன் கிடையாது.

6. பெண்கள் வரும் பக்கங்களில் வேகத்தைக் குறையுங்கள்

'தி லோன்லி லண்டனர்ஸ்' எனக்கு மிகப் பிடித்த நாவல். ஆனாலும் சொல்லவேண்டும், அதில் பையன்கள் பெண்களைப் பற்றிப் பேசுவது பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். லூயிஸ் சந்தேகத்தில் மனைவி ஆக்னஸை அடிக்கிறான். அவள் விலகிப் போகிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று நாவல் கேட்பதில்லை. 'அந்தக் காலம் அப்படி' என்று விட்டுவிடாதீர்கள், 'மோசமான நாவல்' என்று தூக்கிப் போடவும் வேண்டாம். யாருடைய தலைக்குள் கதைசொல்லி நுழைகிறார், யாருடைய வாசலில் நின்றுவிடுகிறார் என்று பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

7. தமிழில் எழுதும்போது இடறும் சொற்கள்

பழைய மொழிபெயர்ப்புகளில் 'நீக்ரோ' சாதாரணமாக வரும். உங்கள் வாக்கியத்தில் 'கறுப்பர்' என்று எழுதுங்கள். மூலத்தில் உள்ள வசைச்சொல்லை மேற்கோளில் மட்டும், யார் வாயிலிருந்து வருகிறது என்று தெரியும்படி வையுங்கள். 'கூலி' நமக்குச் சம்பளம் அல்லது வேலைக்காரர். கரீபியத்தில் இந்திய வம்சாவளியினரைக் குத்தும் வசை. 'அடிமை' என்பதை நாம் பக்தியிலும் காதலிலும் தாராளமாகப் புழங்குவதால் அதன் முள் மழுங்கியிருக்கிறது. நான் முடிந்தவரை 'அடிமையாக்கப்பட்டவர்' என்று எழுதுகிறேன். வாக்கியம் கொஞ்சம் நொண்டும்.

8. கால அட்டவணை

முதல் வாரம் பதிப்பு தேடவும் மூலக் காகிதங்களைச் சரிபார்க்கவும். இரண்டு, மூன்றாம் வாரங்கள் டக்ளஸ், நாளுக்கு ஒரு அத்தியாயம். பத்தாவது மட்டும் நீளம், அதற்கு மூன்று நாள். கேரிசன் முன்னுரையையும் பிலிப்ஸ் கடிதத்தையும் கடைசியில் படியுங்கள். 1838ல் எப்படித் தப்பினார் என்பதை டக்ளஸ் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்பார், விவரமாகச் சொன்னது 1881ல் எழுதிய தன்வரலாற்றில்தான். சொல்லாமல் விட்டதற்கு அவர் தரும் காரணத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் ஓய்வும் நோட்டின் வலப்பக்கமும். ஐந்து முதல் ஏழு வரை செல்வன், வாய்விட்டு. எட்டாவது வாரம் இரண்டு பக்கம் எழுதுங்கள், புத்தகம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, 'இதில் எத்தனை வரி அந்தப் புத்தகத்தைப் பற்றி?' என்று எண்ணச் சொல்லுங்கள். என் முதல் முயற்சியில் ஒன்பது தேறியது.

மூன்றாவது புத்தகம் தேடுபவர்களுக்கு ஒரு யோசனை. மார்த்தினிக் கவிஞர் எய்மே செசேர் 1939ல் வெளியிட்ட நெடுங்கவிதையில், தான் யாரெல்லாமாக இருப்பேன் என்று அடுக்கும் வரியில் கல்கத்தா இந்து ஒருவனும் வருகிறான். மார்த்தினிக்குக்கு 1853லிருந்து கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளரில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள். பிறகு ஏன் கல்கத்தா? இப்போது நான் அந்த வரியில்தான் நிற்கிறேன், வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.